சிறுபொருள் அஞ்சலும் இழப்பின் பொறுப்பும்: வீரபாண்டியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அஞ்சல்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் முதலிய சேகரிப்புப் பொருள்களைத் தொலைவில் இருப்போருக்கு விற்பவர் ஒவ்வொரு முறையும் இரண்டு தெரிவுகளைச் செய்கிறார். எவ்வகை அஞ்சலில் அனுப்புவது என்பது ஒன்று. எவ்வாறு கட்டி அனுப்புவது என்பது மற்றொன்று. இவை வெறும் செலவுக் கணக்காகவே பார்க்கப்படுகின்றன. வழியில் பொருள் கெட்டாலோ தொலைந்தாலோ அவ்விழப்பை யார் ஏற்பது என்ற கேள்வி இத்தெரிவுகளுக்கு அடியில் இருப்பதையும், இந்திய அஞ்சலின் வரலாற்றில் அதற்கான விடை காலந்தோறும் மாறிவந்திருப்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தைச் சேர்ந்த வீரபாண்டி இவ்வாய்வின் களமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: அஞ்சல் வரலாறு, வி.பி.பி., காப்பீட்டு அஞ்சல், சேகரிப்புப் பொருள்கள், கட்டுமானம், திருப்பூர், வீரபாண்டி

1. முன்னுரை

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அமைந்துள்ள வீரபாண்டி, இன்று திருப்பூர் மாநகராட்சிக்கு உட்பட்ட பகுதியாகும். பின்னலாடை நிறுவனங்களும் அவற்றைச் சார்ந்த சிறுதொழில்களும் இங்கு மிகுதி. இப்பகுதியில் பனியன் நிறுவனமொன்றின் பேக்கிங் பிரிவில் பணியாற்றும் ஒருவர், மாலை நேரங்களில் அஞ்சல்தலைகளையும் பழைய நாணயங்களையும் தீப்பெட்டிப் படங்களையும் சேகரிப்பாளர்களுக்கு அஞ்சலில் விற்று வருகிறார். அவருடன் உரையாடியதே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

தொடக்க நாள்களில் அவர் ஒரு வெள்ளி நாணயத்தைத் தாளில் மடித்துச் சாதாரண உறையில் இட்டு அனுப்பினார். நாணயம் உறைக்குள் ஆடி ஆடி ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வழியிலேயே விழுந்துவிட்டது. வாங்கியவருக்குக் கிடைத்தது துளையுள்ள வெற்றுறை மட்டுமே. கட்டுமானத்தில் நேர்ந்த குறை தம்முடையதே என ஏற்று அவர் பணத்தைத் திருப்பி அனுப்பினார். அப்பணம் அவருடைய மூன்று நாள் கூலிக்கு மேல்.

நிகழ்ச்சி சிறியதெனினும் அது எழுப்பும் வினா சிறியதன்று. விற்றவர் பொருளைக் கொடுத்துவிட்டார், வாங்கியவர் பெறவில்லை, இருவருக்கும் இடையில் பொருள் அஞ்சலின் கையில் இருந்தது. இழப்பு யாருடையது? இவ்வினாவை அஞ்சல் சட்டங்கள், ஜெஃப்ரி கிளார்க் 1921இல் வெளியிட்ட இந்திய அஞ்சல் வரலாற்று நூல், களத்தில் கண்ட நடைமுறை ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. காவடியும் கால் தோலாவும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் கடிதம் ஒரு வழியிலும் பொருள் மற்றொரு வழியிலும் சென்றன. கடிதங்களை அஞ்சலோட்டக்காரர் சுமந்தனர். கனமான சிப்பங்கள் 'பங்கி' எனப்பட்ட பிரிவில் சென்றன. தோளில் தாங்கும் கோலின் இரு முனைகளிலும் சுமையைத் தொங்கவிடும் முறையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல் அது. தமிழில் நாம் காவடி என்பது அதனையே. பொருளஞ்சல் என்னும் நிறுவனம் காவடியின் பெயரையே தன் பெயராகக் கொண்டிருந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

1837ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் கட்டணம் எடையையும் தொலைவையும் பொறுத்து அமைந்தது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதத்திற்கு ஒரு ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றியது 1854ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல், தொலைவு எதுவாயினும் கால் தோலா வரையுள்ள கடிதத்திற்கு அரையணா, அரைத் தோலா வரை ஓரணா, ஒரு தோலா வரை இரண்டணா என்ற சீரான கட்டணம் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான அஞ்சல்தலைகளும் அப்போதே புழக்கத்திற்கு வந்தன.

இந்த எடைமுறையில் நாணயவியலாருக்குச் சுவையான செய்தி ஒன்றுள்ளது. 1835ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா; இன்றைய அளவில் ஏறத்தாழ 11.66 கிராம். கால் ரூபாய் நாணயம் அதில் நான்கில் ஒரு பங்கு எடையுடையது. ஆகவே தராசின் ஒரு தட்டில் நாலணாக் காசை வைத்தால் மறுதட்டில் அரையணாக் கடிதத்தின் எடை வரம்பு கிடைத்துவிடும். இன்று சேகரிப்பாளர் உறையிலிட்டு அனுப்பும் வெள்ளிக் காசு, அன்று உறையை நிறுக்கும் எடைக்கல்லாகவே இருக்கத்தக்கது.

சீரான கட்டணம் தொலைவைப் பொருளற்றதாக்கியது. ஆயினும் இழப்பின் பொறுப்பை அது தொடவில்லை. பின்னர் வந்த 1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தொலைதல், தவறான இடத்தில் சேர்தல், காலத்தாழ்வு, சேதம் ஆகியவற்றுக்கு அரசு, வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் பொறுப்பாகாது என வகுத்தது. மலிவான அஞ்சலைத் தெரிந்துகொள்பவர் இழப்பையும் சேர்த்தே தெரிந்துகொள்கிறார் என்பதே இதன் பொருள்.

3. முகமறியா வணிகமும் வி.பி.பி.யும்

1877 முதல் 1880 வரையிலான நான்கு ஆண்டுகள் இந்திய அஞ்சல் வரலாற்றில் தனிக்கவனம் பெறத்தக்கவை. 1877இல் வி.பி.பி. என மக்கள் வழங்கும், பெறுபவர் விலை செலுத்திப் பெறும் அஞ்சல்முறை தொடங்கப்பட்டது. 1878இல் காப்பீட்டு அஞ்சலும், 1879இல் காலணா அஞ்சலட்டையும் வந்தன. 1880இல் பணவிடைப் பணி அஞ்சல்துறையின் கைக்கு மாறியது. இந்நான்கையும் தனித்தனிப் பணிகளாகக் காண்பதைவிட ஒரு தொகுதியாகக் காண்பதே பொருத்தம். அஞ்சலட்டையில் விலை கேட்கலாம், வி.பி.பி.யில் பொருள் அனுப்பலாம். பெற்ற தொகை பணவிடையாக விற்றவரிடம் திரும்பும். விலைமிக்க பொருளாயின் காப்பீடு செய்யலாம். வங்கிக் கணக்கு இல்லாத சிற்றூர்களையும் எட்டிய வணிக அமைப்பு ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

வி.பி.பி.யின் நுட்பம் இழப்பின் பொறுப்பை அது பகிர்ந்த விதத்தில் உள்ளது. வாங்குபவர் பொருள் கைக்கு வரும்போதுதான் பணம் தருகிறார். விற்பவர் அஞ்சல்காரரின் வழியாகப் பணத்தைப் பெறுகிறார். வாங்குபவர் பெற மறுத்தால் போக்குவரத்துச் செலவு விற்பவரைச் சாரும். உறைக்குள் பயனற்ற பொருளை வைத்து ஏமாற்றினால் வாங்குபவர் இழப்பார். இவ்விருவகை ஆபத்தையும் சட்டம் அறிந்திருந்தது. உண்மையாகவே பெறப்பட்ட வேண்டுகோளின்படியே அனுப்புவதாக அனுப்புநர் உறுதி கூறவேண்டும் என்ற விதிக்கும், மோசடி நேர்ந்தால் வசூலித்த தொகையை நிறுத்திவைத்துப் பெறுநருக்குத் திருப்பித் தரும் விதிக்கும் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடமளித்தது. பெறுநரிடமிருந்து தொகை கைக்கு வரும்வரை அதற்கு அஞ்சலகம் பொறுப்பன்று எனவும் 34ஆம் பிரிவு தெளிவுபடுத்தியது.

தமிழ் இதழ்களின் பழைய விளம்பரப் பக்கங்களைப் புரட்டுவோர் 'வி.பி.பி.யில் அனுப்பப்படும்' என்ற குறிப்பை மருந்து, கடிகாரம், புத்தகம், சேலை என எல்லாவற்றின் கீழும் காண்பர். பதிப்பு வரலாற்றாய்வாளர் இக்குறிப்பை நூல் விற்பனையுடன் இணைத்துக் காண்பது வழக்கம். உண்மையில் அது அதனினும் பரந்த ஒரு சமூக ஒப்பந்தத்தின் சுருக்கெழுத்து. முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் நம்பவேண்டியதில்லை. இருவரும் அஞ்சல்காரரை நம்பினால் போதும் என்பதே அவ்வொப்பந்தம்.

4. காடாத் துணி, அரக்கு, முத்திரை

பொறுப்பு மாறும்போது கட்டுமானமும் மாறியது. சாதாரணக் கடிதத்திற்கு ஒட்டிய உறை போதும். காப்பீடு செய்த சிப்பத்தில் அஞ்சல்துறை இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்பதால், இடையில் எவரும் திறக்கவில்லை என்பதற்கு அச்சிப்பமே சான்று கூறவேண்டும். துணியால் பொதிந்து, ஊசிநூலால் தைத்து, தையல்மீது இடைவிட்டு அரக்கு வைத்து முத்திரையிடும் முறை இத்தேவையிலிருந்து எழுந்தது. தையலைப் பிரித்தால் அரக்கு உடையும். அரக்கை மாற்றினால் முத்திரை காட்டிக்கொடுக்கும்.

முத்திரை அனுப்புநரின் தனி அடையாளமாக இருக்கவேண்டும். புழக்கத்திலுள்ள நாணயத்தை அரக்கில் அழுத்திய பதிவு ஏற்கப்படுவதில்லை. ஒரே அச்சுக் காசு ஊரில் எல்லாரிடமும் இருக்கும். திறந்தவர் மீண்டும் அதே காசால் முத்திரையிட்டுவிடலாம் என்பதே காரணம். முத்திரையின் மதிப்பு அது ஒருவரிடம் மட்டும் இருப்பதில் அடங்கியுள்ளது.

இவ்விடத்தில் வீரபாண்டியின் சுற்றுவட்டாரம் நேரடியாக வருகிறது. சிப்பம் பொதியப் பெரிதும் பயன்பட்டது வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணி. கொங்கு நாட்டில் இதற்குக் 'காடா' என்று பெயர். பல்லடம், சோமனூர் பகுதி விசைத்தறிகளில் இன்றும் காடாத் துணியே பெருமளவில் நெய்யப்படுகிறது. சணலும் அட்டையும் நெகிழியும் மலிந்த காலத்திலும் துணிச்சிப்பம் நெடுநாள் நிலைத்ததற்கு இரு காரணங்கள் கூறலாம். முதலாவது, துணியில் தையலும் அரக்கும் நன்கு பற்றும். இரண்டாவது, மழைக்காலத்தில் அட்டை நைந்து பிரியும்போது துணி கிழியாமல் தாங்கும். விற்பனைப் பொருளாகவும் பொதியும் பொருளாகவும் துணி இருவழியில் அஞ்சலேறிய வட்டாரம் இது.

5. திறந்த முனையும் மாதிரித் துணியும்

காப்பீட்டுச் சிப்பத்திற்கு நேரெதிரான கட்டுமானம் நூலஞ்சலுடையது. 'புக் போஸ்ட்' என மக்கள் அறிந்த இம்முறையில் கட்டணம் குறைவு. அதற்கு ஈடாக, அஞ்சலகப் பணியாளர் எளிதில் பிரித்துப் பார்க்குமாறு பொதி திறந்திருக்கவேண்டும். மூடிய உறை முழுக் கட்டணம் செலுத்தும். திறந்த பொதி சலுகை பெறும். பூட்டிய பொதி பாதுகாப்பையும் திறந்த பொதி மலிவையும் தந்தன. இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை.

இச்சலுகை வகையில் அச்சிட்ட நூல்களுடன் வணிக மாதிரிப் பொதிகளும் இடம்பெற்றிருந்தன. துணி வணிகத்தில் மாதிரியே முதற்பேச்சு. திருப்பூர் 1920களில் தமிழ்நாட்டுக் கதர் இயக்கத்தின் மையமாக விளங்கியது. 1925இல் இங்குக் குலாம் காதர் முதல் பின்னலாடை ஆலையைத் தொடங்கியதாகத் தொழில் வரலாறு குறிக்கிறது. 1978இல் இத்தாலியைச் சேர்ந்த வெரோனா என்னும் இறக்குமதியாளர் ஒருவர் வெள்ளை டி-சட்டைகளைத் தேடி இவ்வூருக்கு வந்ததை ஏற்றுமதியின் தொடக்கப்புள்ளியாகக் கூறுவர். அதன்பின் ஒவ்வொரு பருவத்திற்கும் சாயத்துண்டு, துணித்துண்டு, மாதிரி ஆடை என அயல்நாட்டு வாங்குநருக்கு அனுப்புவது ஊரின் அன்றாட வேலையாயிற்று. கைக்கு அடக்கமான ஒரு பொருளை எடை குறைவாகவும் சுருக்கம் விழாமலும் தொலைதூரத்திற்கு அனுப்பும் திறன் இவ்வூரில் ஒரு தொழிற்கல்வியாகவே படிந்துள்ளது. வீரபாண்டிச் சேகரிப்பாளரின் கட்டுமானத்தில் அக்கல்வியின் தடங்களைக் காணமுடிகிறது.

6. வீரபாண்டியில் இன்றைய தெரிவு

நாணயத்தைத் தொலைத்தபின் அவர் தம் முறையை மாற்றிக்கொண்டார். சட்டை மடிப்புக்குள் வைக்கும் அட்டையை இரண்டாக நறுக்கி, நடுவில் நாணயத்தின் அளவுக்குக் குழி வெட்டி, மெல்லிய காகிதத்தில் சுற்றிய நாணயத்தை அதில் பொருத்தி, இரு அட்டைகளையும் நாற்புறமும் ஒட்டுகிறார். உறையைக் குலுக்கினால் ஓசை எழக்கூடாது என்பது அவருடைய சோதனை. அட்டை உறையைவிடச் சற்றே சிறியதாக இருக்கவேண்டும். இல்லையேல் மூலைகள் உறையைக் குத்தும்.

அஞ்சல்தலைக்குத் தேவை வேறு. அதன் பின்புறப் பசை ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். எனவே எண்ணெய்த்தாள் போன்ற வழவழப்பான ஒளிபுகு தாளுறையில் இட்டு, அதனை நெகிழிப் பைக்குள் வைத்து, பின்னரே அட்டைகளுக்கிடையில் பொருத்துகிறார். நாணயங்களை மென்மையான பி.வி.சி. உறையில் நெடுநாள் வைப்பதை அவர் தவிர்க்கிறார். அவ்வகை நெகிழி காலப்போக்கில் சிதைந்து, செம்பு கலந்த நாணயங்களில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும் என்பது நாணயவியலார் நன்கறிந்த செய்தி. பாதுகாக்க வந்த உறையே பொருளைக் கெடுப்பதற்கு இது எடுத்துக்காட்டு.

அடுத்தது அஞ்சல்வகை. சாதாரணக் கடிதத்திற்கு 20 கிராமுக்கு ரூ.5. அஞ்சல்தலைகள் சிலவற்றை அட்டையுடன் சேர்த்தாலும் இவ்வரம்புக்குள் அடக்கிவிடலாம். வெள்ளி ரூபாய் ஒன்று மட்டுமே 11.66 கிராம், இரண்டு அட்டையும் உறையும் சேர்ந்தால் வரம்பு எளிதில் மீறப்படும். சாதாரண அஞ்சலில் சேர்ந்ததற்குச் சான்றும் கிடையாது. இவ்விடைவெளியை நெடுங்காலம் நிரப்பியது பதிவு அஞ்சல். கடிதக் கட்டணத்துடன் ரூ.17 பதிவுக் கட்டணமும் வரியும் செலுத்தினால், பெறுநரின் கையொப்பம் என்னும் சான்று கிடைத்தது.

2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவு அஞ்சல், 1986இல் தொடங்கப்பட்ட விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 50 கிராம் வரையுள்ள விரைவு அஞ்சலுக்கு உள்ளூரில் ரூ.19, வெளியூருக்கு ரூ.47, வரி தனி. பதிவு என்பது ரூ.5 கூடுதலாகச் செலுத்திப் பெறும் துணைப்பணியாயிற்று. இணையவழிக் கண்காணிப்பும் விரைவும் இதனால் கிடைப்பதை மறுக்கவியலாது. ஆனால் ரூ.50 மதிப்புள்ள அஞ்சல்தலைத் தொகுதியை விற்பவரின் கண்ணில் இம்மாற்றம் வேறாகத் தோன்றுகிறது. அவருக்கு விரைவு தேவையில்லை, சான்றே தேவை. மலிவான சான்று என்ற நடுப்படி மறைந்தபின், பொருளின் விலையளவு அஞ்சற்செலவை ஏற்பது, இழப்பைத் தாமே சுமப்பது என இரு வழிகளே அவர்முன் உள்ளன.

பணம் செலுத்தும் முறையிலும் இத்தகைய தலைகீழ் மாற்றம் நிகழ்ந்துள்ளது. 2016இல் அறிமுகமான யுபிஐ வழியாக வாங்குபவர் முன்னதாகவே முழுத்தொகையையும் செலுத்திவிடுகிறார். வி.பி.பி.யில் பொருளைக் காத்திருந்து பெற்றபின் பணம் தந்தவர், இன்று பணத்தைத் தந்துவிட்டுப் பொருளுக்குக் காத்திருக்கிறார். இடையில் நின்ற அஞ்சல்காரரின் பணி பொருளைச் சேர்ப்பதோடு முடிகிறது. எனவே நம்பிக்கை முழுவதும் விற்பவரின் நற்பெயர்மீது வந்து விழுகிறது. அவர் மூன்று நாள் கூலியைத் திருப்பி அனுப்பியதை இப்பின்புலத்தில்தான் புரிந்துகொள்ளவேண்டும். அன்று அவர் காத்தது தம் பெயரை.

7. கடல் கடக்கும் சிறுபொருள்

அயல்நாட்டிற்கு அனுப்பும்போது எடையையும் கட்டணத்தையும் பார்ப்பதற்கு முன் சட்டத்தைப் பார்க்கவேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழைமையுடைய நாணயத்தைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அத்தகையவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய இயலாது. உள்நாட்டில் வணிகமாக விற்கவும் உரிமம் தேவை. ஆகவே 1862ஆம் ஆண்டு விக்டோரியா ரூபாயை அட்டையில் எவ்வளவு செம்மையாகப் பொருத்தினாலும் அது கடல் கடக்க வழியில்லை. அண்மைக் கால நாணயமாயினும், காப்பீடு செய்யாத கடித உறைக்குள் நாணயம் வைப்பதை உலக அஞ்சல் ஒன்றிய உடன்படிக்கை தடைசெய்கிறது. 1874இல் உருவான அவ்வொன்றியத்தில் இந்தியா 1876இல் சேர்ந்தது.

பொறுப்பு இடம்மாறுவதற்கு மிக அண்மைய சான்று 2025இல் கிடைத்தது. 800 டாலர் வரையுள்ள சிப்பங்களுக்கு அளித்துவந்த சுங்கவிலக்கை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. அதற்கு முன்னரே, கடிதம், ஆவணம், 100 டாலர் வரையுள்ள அன்பளிப்பு ஆகியவை நீங்கலாக அந்நாட்டிற்கான அஞ்சற்பொருள்களை ஏற்பதை இந்திய அஞ்சல்துறை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்திவைத்தது. அக்டோபர் 15 அன்று பணி மீண்டும் தொடங்கியபோது, சுங்கவரியை அனுப்புநரே அஞ்சலகத்தில் முன்கூட்டிச் செலுத்தும் முறை வந்தது. பெறுபவர் வாயிலில் கேட்கப்பட்டிருக்கக்கூடிய வரி, அனுப்புபவரின் கணக்கிற்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் உயர்ந்த அமெரிக்கச் சுங்கவரியால் திருப்பூரின் பெருநிறுவனங்கள் தளர்ந்ததை நாளிதழ்கள் விரிவாக எழுதின. சேகரிப்பாளரின் சிற்றுறைமீது விழுந்த சுமை செய்தியாகவில்லை.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, அஞ்சல்வகையும் கட்டுமானமும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒட்டிய உறை, திறந்த பொதி, அரக்கு வைத்த துணிச்சிப்பம் ஆகிய ஒவ்வொன்றும் இழப்பின் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதைத் தன் உருவத்திலேயே காட்டுகிறது.

இரண்டாவதாக, 1877 தொடங்கி உருவான அஞ்சல் அமைப்பு அப்பொறுப்பை அனுப்புநர், பெறுநர், அஞ்சல்துறை என மூவரிடையே பகிர்ந்தது. இன்றைய அமைப்பில் சிறுபொருளைப் பொறுத்தவரை அப்பகிர்வு சுருங்கி, அனுப்புநரின் பக்கம் சாய்ந்துள்ளது.

மூன்றாவதாக, மலிவான சான்று என்பது சிறுவணிகத்தின் அடிப்படைத் தேவை. ஒரு பொருளின் விலை குறைவு என்பதால் அதன் இழப்பும் குறைவு எனக் கொள்ளமுடியாது. கூலித் தொழிலாளிக்கு அது மூன்று நாள் உழைப்பு.

இறுதியாக ஆய்வாளர்க்கு ஒரு வேண்டுகோள். அஞ்சல்தலையைச் சேகரித்த நாம் அது ஒட்டியிருந்த பொதியை எறிந்துவிட்டோம். அரக்குத் தடம் படிந்த காடாத் துணி, வி.பி.பி. வில்லை ஒட்டிய உறை, பதிவு எண் எழுதிய சிப்ப அட்டை ஆகியவை வீடுகளின் பரண்களிலும் கடைகளின் மூலைகளிலும் இன்னும் எஞ்சியிருக்கக்கூடும். தமிழகத்தில் முகமறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்பிப் பொருள் மாற்றிக்கொண்ட வரலாற்றுக்கு அவையே முதன்மைச் சான்றுகள். பழந்துணியாகக் கழிக்கப்படுமுன் அவற்றைத் தொகுத்து ஆவணப்படுத்துவது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.